கம்பத்துப் பக்கம், குளத்துப் பக்கம்

இராஜரட்ணமும் குணவதியும் மோட்டர்ஹோம் வாங்கியபோது அவர்களுக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்க் குடும்பங்களும் சிரித்தன. ரொறன்ரோவில், மில்லிக்கனில் நல்ல வீடு இருக்கும்போது இன்னொரு வீட்டைச் சில்லுப் பூட்டி ஓட்டித் திரிவானேன் என்று கேட்டார்கள்.  இராஜரட்ணம் லிஃப்ட் செய்யும் கம்பனி ஒன்றில் படம் வரைபவர், அதிகம் பேசாதவர். குணவதிதான் சொன்னாள்: "பிள்ளையளும் இல்லை. சனி ஞாயிறிலை ஆரின்ரை முகத்தைப் பாத்துக்கொண்டு வீட்டிலை இருக்கிறது?"

அவள் வங்கியொன்றின் காசோலைப் பிரிவில் வேலை செய்தாள். அங்கே கூட வேலை செய்த டொறதிதான் அவர்களை மோட்டர்ஹோம்காரரின் சங்கத்தில் சேர்த்துவிட்டவள். டொறதியின் கணவர் வோல்ற்றர் பஸ் ஓட்டி இளைப்பாறியவர். கோடை வந்தால் சங்கத்துக்காரர் எங்காவது ஒரு பண்ணை நிலத்தை வாடகைக்கு எடுத்து முப்பது நாற்பது வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நாலைந்து நாள் கூடிச் சமைத்து, சீட்டு விளையாடி, கதைத்துவிட்டு வருவார்கள். அதை றலி என்றார்கள். அந்தச் சங்கத்தில் இவர்கள் இருவரையும் தவிர வேறு தமிழர் இல்லை.

எந்த றலிக்குப் போனாலும் நிலத்துக்கு இரண்டு பக்கம் இருக்கும். ஒரு பக்கத்தில் வரிசையாகக் கரண்ட் கம்பங்கள். வண்டியின் வயரைக் கம்பத்தில் செருகினால் வீட்டைப்போல எல்லாம் வேலை செய்யும். மற்றப் பக்கத்தில் கம்பம் இல்லை. அங்கே நிற்பவர்கள் தங்கள் வண்டிக்குள் இருக்கும் ஜெனறேற்றரைப் பெற்றோலில் ஓட்டிக்கொள்ள வேண்டும். அதையும் இருட்டியபின் நிறுத்திவிட வேண்டும் என்பது சங்கத்தின் சட்டம். கம்பங்கள் எப்போதும் கட்டிடங்களுக்குக் கிட்ட, வெயிலில் இருக்கும். கம்பம் இல்லாத பக்கம்தான் மரமும் தண்ணீரும் இருக்கும். குணவதி ஒருநாளும் கம்பத்துப் பக்கம் நிற்கச் சம்மதித்ததில்லை. "கரண்டுக்குப் பக்கத்திலை இருக்கிறதெண்டால் மில்லிக்கனிலையே இருக்கலாமே" என்பாள்.

எண்பத்துமூன்று ஆடியிலும் அப்படி ஒரு குளக்கரையில்தான் நின்றார்கள். வானொலியில் கொழும்பு என்ற சொல் கேட்டதும் இராஜரட்ணம் ஜெனறேற்றரை நிறுத்திவிட்டு வந்து சத்தத்தைக் கூட்டினார். அங்கே தமிழரின் வீடுகள் எரிந்துகொண்டிருந்தன. குணவதியின் தம்பி இரத்தினவேல் கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்தான். அவன் உயிரோடு இருக்கிறானா என்று தெரியவருமட்டும் டொறதி தன் வேலைகளை விட்டுவிட்டு, குணவதிக்குப் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தாள். அவன் உயிரோடு இருந்தான். வீடு இருக்கவில்லை.

அடுத்த வருடம் இரத்தினவேல் மனைவியோடும் இரண்டு பையன்களோடும் ரொறன்ரோ வந்து சேர்ந்தான். எல்லோருக்கும் வீட்டில் இடம் போதவில்லை. கோடையில் பையன்கள் வாசலில் நின்ற மோட்டர்ஹோமில் படுத்தார்கள். சமையலறை யன்னலால் ஒரு நீள வயரை இழுத்து அதற்கு வெளிச்சம் கொடுத்தார் இராஜரட்ணம். இரண்டு கோடை அப்படியே போயின. வண்டி அசையவில்லை, ஜெனறேற்றர் ஓடவில்லை. எண்பத்தாறில் இரத்தினவேல் அப்பார்ட்மென்ட் ஒன்று எடுத்துக்கொண்டு போனான். இனி றலிக்குப் போகலாம் என்று நினைத்திருந்தபோது குணவதிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.

முதலில் படி ஏறும்போது வந்தது. பிறகு உடுப்பு மடிக்கும்போதும் வந்தது. மாரி முடிவதற்குள் கட்டிலில் இருந்து எழுந்து குளியலறைக்குப் போய் வருவதற்குள் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நுரையீரல் தழும்பேறி இறுகிக்கொண்டு வருகிறது என்றார் டாக்டர். ஏன் என்று கேட்டதற்குத் தெரியாது என்றார். மருந்து கொடுத்தார், அது கேட்கவில்லை. கடைசியில் வீட்டுக்கு ஒரு ஒட்சிசன் மெசின் வந்தது. மேசை அலுமாரி அளவு பெரியது. சுவரில் செருகினால் உறுமிக்கொண்டு காற்றில் இருந்து ஒட்சிசனைப் பிரித்து, பச்சைக் குழாய் வழியாக அவள் மூக்குக்கு அனுப்பும். கரண்ட் நின்றால் பாவிக்க என்று இரண்டு சின்னச் சிலிண்டர்களும் தந்தார்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும்.

எண்பத்தேழு ஆனியில் டொறதி தொலைபேசியில் சொன்னாள், இந்த வருட றலி ரூஜ் ஆற்றுக்கு அப்பால் ஒரு பண்ணையில், உங்கள் வீட்டில் இருந்து அரை மணித்தியாலம்கூட இல்லை என்று. குணவதி அன்றைக்கே டாக்டரிடம் கேட்டாள். தூரம் இல்லையென்றால் போகலாம், ஆனால் மெசின் இரவும் பகலும் ஓட வேண்டும் என்றார் அவர்.

இராஜரட்ணம் ஜெனறேற்றரை முடுக்கிப் பார்த்தார். இரண்டு தரம் இருமிவிட்டு நின்றது. மெக்கானிக் வந்து பார்த்து, மூன்று வருடத்துக்கு மேலாகக் கிடந்த பெற்றோல் கோந்தாகிவிட்டது, கழற்றித் துப்புரவாக்க வேண்டும், இப்போது கையில் வேலை நிறைய, ஆடி நடுவில் வருகிறேன் என்றான். றலி அதற்கு முன்பே.

"அப்ப கம்பத்துப் பக்கம்தான் நிக்கவேணும்" என்றார் இராஜரட்ணம்.

"டொறதியாக்கள் குளத்துப் பக்கம்."

"ஜெனறேற்றர் நல்லா இருந்தாலும் இரவிலை அதை நிப்பாட்டச் சொல்லுவினம். பிறகு உமக்கு என்ன செய்யிறது? சிலிண்டர் விடியுமட்டும் காணாது. கம்பமெண்டால் யோசினை இல்லை."

குணவதி கொஞ்ச நேரம் குழாயைக் காதுக்குப் பின்னால் சரிசெய்துகொண்டு இருந்தாள். "சரி. எங்கையெண்டாலும் போனால் காணும்" என்றாள்.

பண்ணையில் அவர்களுக்குக் கிடைத்த இடம் மாட்டுக் கொட்டிலுக்கு எதிரே, மரமே இல்லாத சமதரை. இராஜரட்ணம் வயரைக் கம்பத்தில் செருகிவிட்டு உள்ளே வந்து மெசினைப் போட்டார். அது உறுமத் தொடங்கியதும் அவருடைய தோள்கள் தளர்ந்தன. குணவதி யன்னலால் எட்டிப் பார்த்தாள். நிலத்தின் மறுகரையில் வில்லோ மரங்களும் அவற்றுக்குக் கீழே வண்டிகளும் தெரிந்தன. குளம் தெரியவில்லை.

டொறதி காலையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். குளிர்ந்த தேத்தண்ணி கொண்டு வந்தாள். வங்கியில் யார் யாருக்கு என்னென்ன நடந்தது என்றெல்லாம் சொன்னாள். குணவதி சிரித்தாள், சிரிப்பின் நடுவில் மூச்சு நின்று நின்று வந்தது. அப்படியும் சிரித்தாள். மெசினுக்கும் குணவதிக்கும் நடுவே அவள் கதவுப்படி வரை வந்து இருக்கக்கூடிய நீளத்துக்குக் குழாய் இருந்தது. அந்தப் படியில் குடையைக் கட்டி நிழல் செய்து கொடுத்தார் இராஜரட்ணம். போகிற வருகிற எல்லோரும் நின்று அவளோடு கதைத்தார்கள். முதல் நாள் முடிவில் அவள் முகம் பழைய குணவதியின் முகமாக இருந்தது. வந்தது சரிதான் என்று அவர் நினைத்தார்.

இரண்டாம் நாள் வெயில் தாங்க முடியவில்லை. மத்தியானம் கம்பத்துப் பக்கம் நின்ற அத்தனை வண்டிகளிலும் ஏசி ஓடத் தொடங்கியது. வெளிச்சம் மங்கியது. மெசினின் உறுமல் இறங்கி, பிறகு அது கீச்சென்று கத்தியது. இராஜரட்ணம் சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டு, றலிக்குப் பொறுப்பாக இருந்த கோர்டனிடம் ஓடினார். கோர்டன் நல்ல மனிதர். வண்டி வண்டியாகப் போய்க் கதவைத் தட்டி, ஒரு பெண்ணின் மூச்சுக்காக என்று சொல்லி, ஏசியை நிறுத்தச் சொன்னார். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லா ஏசியும் நின்றன. வயதானவர்கள் முகத்தை ஈரத் துவாயால் துடைத்துக்கொண்டு வெளியே வந்து நிழல் தேடினார்கள். மெசின் மறுபடி உறுமியது.

"எனக்காக அந்தக் கிழவிமாரெல்லாம் வெயிலிலை நிக்கினம்" என்றாள் குணவதி. "வெக்கமாக் கிடக்கு."

"அவையள் மனம் வச்சுத்தான் செய்யினம்."

"அதுதான் வெக்கமாக் கிடக்கு."

பின்னேரம் மேற்கே வானம் கறுத்து வந்தது. இடி இடித்து, பலத்த காற்றோடு மழை அடித்து, கொஞ்ச நேரத்தில் விட்டது. மழை விட்டபோது கம்பத்துப் பக்கம் முழுவதும் கரண்ட் இல்லை. மெசின் இந்தத் தரம் மங்கவில்லை, ஒரேயடியாக நின்றது. கோர்டன் பண்ணைக்காரரோடு போய்ப் பார்த்துவிட்டு நனைந்தபடி வந்தார். மரக்கிளை விழுந்து பண்ணைக்கு வரும் கம்பி அறுந்துவிட்டது, ஆட்கள் வந்து சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகுமோ தெரியாது என்றார்.

முதல் சிலிண்டரில் பாதிக்குக் கீழே இருந்தது. இரண்டாவது முழுதாக இருந்தது. நிலத்தின் மறுகரையில் ஜெனறேற்றர்களின் சத்தம் கேட்டது. மழை அவற்றை ஒன்றும் செய்யவில்லை.

டொறதியும் வோல்ற்றரும் காரில் வந்து இறங்கினார்கள். வோல்ற்றர் நேரே போய் இராஜரட்ணத்தின் ஜெனறேற்றரின் மூடியைத் திறந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு முயன்று பார்த்தார். அது இருமவும் இல்லை.

"எங்களுடைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள்" என்றாள் டொறதி. "எங்கள் ஜெனறேற்றர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மெசினை வோல்ற்றர் தூக்கி வருவார்."

"எவ்வளவு பெற்றோல் இருக்கிறது?" என்று கேட்டார் இராஜரட்ணம்.

"அரைத் தாங்கி. காணாவிட்டால் மற்றவர்களிடம் எடுக்கலாம்" என்றார் வோல்ற்றர்.

"இரவில்?"

"இரவிலும் ஓட்டுவோம். கோர்டன் ஒன்றும் சொல்லமாட்டார். யார் என்ன சொல்லப்போகிறார்கள்?"

இராஜரட்ணம் குணவதியைப் பார்த்தார். அவள் படியில் இருந்தபடியே குளத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

"அங்கை போவமே" என்றாள் தமிழில், மெல்ல. "குளத்தையும் பாக்கலாம்."

அவர் யோசித்தார். வோல்ற்றரின் ஜெனறேற்றர் பழசு. நடு இரவில் அது நின்றால் இன்னொருவரை எழுப்ப வேண்டும். அதுவும் நின்றால் இன்னொருவரை. மத்தியானம் கிழவிமாரை வெயிலில் நிற்க வைத்ததும் அவர் மனதில் இருந்தது. வீடோ அரை மணித்தியாலத்தில். அங்கே சுவரில் செருகினால் முடிந்தது. மில்லிக்கனுக்குப் போன காலம் தொட்டு அந்த வீட்டில் கரண்ட் நின்றதாக அவருக்கு நினைவில்லை.

"வீட்டை போவம், குணம்" என்றார். "இஞ்சை எல்லாம் ஆரின்ரையோ தயவிலை. வீடெண்டால் பயமில்லை. ரெண்டு சிலிண்டரும் கிடக்கு, வழிக்குத் தாராளம்."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் சொல்லுறதும் சரிதான்" என்றாள்.

டொறதி அவளுடைய கன்னத்தில் முத்தமிட்டு, நாளைக்குக் கரண்ட் வந்ததும் திரும்பி வாருங்கள், நாளைக்குத்தான் சோளம் அவிக்கிறோம் என்றாள். வோல்ற்றர் கம்பத்தில் இருந்த வயரைக் கழற்றிச் சுற்றி உள்ளே வைத்தார்.

ஸ்ரீல்ஸ் வீதிக்கு வந்ததும் வாகனங்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. முன்னால் விபத்தாக இருக்கும் என்று நினைத்தார். சந்திக்கு வந்தபோதுதான் சிக்னல் விளக்கு எரியவில்லை என்று கண்டார். நான்கு பக்கத்துக் கார்களும் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்துப் போய்க்கொண்டிருந்தன. அடுத்த சந்தியிலும் அப்படித்தான். பிளாசாவில் கடைகளின் பெயர்ப்பலகைகள் ஒன்றும் எரியவில்லை. கடைக்காரர்கள் வாசலில் நின்றார்கள். பெற்றோல் நிலையத்தில் ஒரு கார்கூட இல்லை.

குணவதி பக்கத்து ஆசனத்தில் சிலிண்டரை மடியில் வைத்திருந்தாள். அவளும் எல்லாவற்றையும் பார்த்தாள். 

"திரும்புவமோ?" என்று கேட்டார் கொஞ்சம் கழித்து.

"எங்கடை பக்கம் கரண்ட் இருக்கும்" என்றாள்.

திரும்பவும் முடியாது. அந்தப் பெரிய வண்டியைத் திருப்ப இடம் இல்லை, பின்னால் கண்ணுக்கெட்டிய தூரம் கார்கள். அரை மணித்தியாலப் பயணம் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போனது. வழியில் முதல் சிலிண்டர் முடிந்தது. ஒரு தெருவோரத்தில் நிறுத்தி இரண்டாவதைப் பூட்டினார்.

அவர்களுடைய தெருவில் எல்லோரும் வெளியே புல்லில் நின்றார்கள். அடுத்த வீட்டு இத்தாலியக்காரர் வண்டியைக் கண்டதும் கையை அசைத்துக்கொண்டு வந்து, மழையோடு போனது, இன்னும் வரவில்லை என்றார். இராஜரட்ணம் அவரைக் கடந்து கதவைத் திறந்து உள்ளே போனார். விறாந்தை விளக்கின் சுவிச்சை அமர்த்தினார். சமையலறை விளக்கின் சுவிச்சையும் அமர்த்தினார். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அது ஏன் என்று அவருக்கே தெரியவில்லை.

தொலைபேசி மட்டும் வேலை செய்தது. அம்புலன்ஸைக் கூப்பிட்டார். மறுமுனையில் பேசிய பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். புயலால் எல்லா இடத்தில் இருந்தும் அழைப்புகள், வீதிகளும் அடைபட்டிருக்கின்றன, முடிந்தளவு கெதியாக அனுப்புகிறோம், அவளை அசையாமல் வைத்திருங்கள் என்றாள்.

வண்டிக்குள் வெக்கையாக இருந்தது. குணவதியை இறக்கி வாசல் புல்லில் ஒரு கதிரையில் இருத்தினார்கள். இத்தாலியக்காரரின் மனைவி ஒரு மட்டையால் விசிறினாள். ஒரு மணித்தியாலம் கழிந்தும் அம்புலன்ஸ் வரவில்லை. இராஜரட்ணம் சிலிண்டரின் அளவு காட்டும் முள்ளைப் பார்த்தார். பிறகு வீதியைப் பார்த்தார். பிறகு முள்ளைப் பார்த்தார். ஒட்சிசன் இன்னும் கொஞ்ச நேரம் வரட்டும் என்று திருகியைக் கொஞ்சம் குறைத்தார். குணவதி அவருடைய கையைப் பிடித்து, வேண்டாம் என்று தலையை அசைத்தாள். மறுபடி கூட்டினார். கூட்டினால் கெதியில் முடியும், குறைத்தால் அவளுக்கு முடியாது. எதைச் செய்தாலும் அவர் கையால்தான் செய்ய வேண்டியிருந்தது.

"கதைக்காதையும்" என்றார், அவள் வாயைத் திறந்தபோது.

அவள் கதைத்தாள். "காரிலை... ஆஸ்பத்திரிக்கு..."

"வீதி முழுக்க அடைபட்டுக் கிடக்கு. இடையிலை நிண்டிட்டால் ஒருத்தரும் வரேலாது. வருவினம். சொன்னவை."

அதுவும் சரியா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் எடுத்த முடிவுகள் எல்லாம் சரியானவையாகவே இருந்தன, எடுத்த நேரத்தில். இனி ஒரு முடிவும் எடுக்க அவருக்குத் துணிவு வரவில்லை. ஓடிப்போய் மறுபடி தொலைபேசியில் பேசினார். அதே குரல் அதையே சொன்னது. திரும்பி வந்தபோது குணவதியின் சொண்டு நீலமாக இருந்தது. சிலிண்டர் சத்தம் போடுவதை நிறுத்தியிருந்தது. அவர் வெறும் சிலிண்டரின் திருகியை முழுதாகத் திறந்துவிட்டு, புல்லில் முழந்தாளிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "குணம், குணம்" என்று மட்டும் சொன்னார். தெருச் சனம் முழுவதும் சுற்றி நின்றது. ஒருவருக்கும் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

முதலில் வந்தது அம்புலன்ஸ் அல்ல, தீயணைப்பு வண்டி. அதில் ஒட்சிசன் இருந்தது. முகமூடியைப் பூட்டியவன் மிகவும் இளையவன். "ஆழமாக இழுங்கள் அம்மா, ஆழமாக" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருந்தான். ஆழமாக இழுக்க அவளிடம் நுரையீரல் இல்லை என்று அவனுக்கு எப்படிச் சொல்வது என்று இராஜரட்ணத்துக்குத் தெரியவில்லை.

குணவதி அன்றைக்குச் சாகவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அன்றிரவே மில்லிக்கனில் கரண்ட் வந்துவிட்டது. பண்ணையிலும் வந்துவிட்டதாம், இவர்கள் புறப்பட்டுக் கொஞ்ச நேரத்தில். அதை வோல்ற்றர்தான் வாய்தவறிச் சொன்னார். டொறதி அவருடைய முழங்கையை இடித்தாள். இருவரும் ஒரு பை அவித்த சோளத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். குணவதியால் சாப்பிட முடியாது என்று தெரிந்ததும் டொறதி பையைக் கதிரைக்குக் கீழே தள்ளி வைத்தாள்.

அவர்கள் போனபின் இராஜரட்ணம் கேட்டார். "என்னிலை கோவமோ?"

"ஏன்?"

"நீர் அங்கை போவமெண்டு சொன்னனீர்."

குணவதி கனநேரம் மூச்சைச் சேர்த்தாள். "அங்கை போயிருந்து, அந்த ஜெனறேற்றர் நிண்டிருந்தால், வீட்டை போயிருக்கலாமெண்டு நானே உங்களை ஏசியிருப்பன்" என்றாள். "கோவிக்க ஒண்டுமில்லை."

கோபித்திருந்தால் நல்லது என்று அவருக்கு இருந்தது. கோபத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு என்ன கேட்பது?

ஆவணியில் வீட்டுக்கு வந்தாள். டாக்டர் இனி எங்கும் போக விடவில்லை, அவளும் கேட்கவில்லை. இராஜரட்ணம் வேலையில் நீண்ட விடுப்பு எடுத்தார். வெளியே காற்று பலமாக அடித்தால் எழுந்து யன்னலடியில் நிற்பார். ஒட்சிசன் தரும் கம்பனியோடு சண்டை பிடித்து ஒரு பெரிய சிலிண்டர் வாங்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அது ஒருநாளும் தேவைப்படவில்லை. மெசின் ஓடிக்கொண்டே இருந்தது. அது தருவது போதாமல் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் டாக்டர் திருகியைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார், அவர் கூட்டுவார். மார்கழியில் கூட்ட அதில் இடம் இருக்கவில்லை.

தைப்பொங்கல் கழிந்த கிழமை குணவதி ஆஸ்பத்திரியில் இறந்தாள். அந்தக் கட்டிடத்தில் விளக்குகள் எல்லாம் எரிந்துகொண்டிருந்தன. சுவரில் இருந்தே ஒட்சிசன் வந்தது, எவ்வளவு கேட்டாலும் வந்தது. இராஜரட்ணம் அவளுடைய நெற்றியில் கை வைத்தபடி இருந்தார்.

செத்தவீட்டுக்கு டொறதியும் வோல்ற்றரும் பனிக்குள் வந்தார்கள். தமிழ்ச் சனத்துக்கு நடுவில் எங்கே நிற்பது என்று தெரியாமல் சுவரோரம் நின்றார்கள். இரத்தினவேல் போய் அவர்களை முன்னால் அழைத்து வந்து இருத்தினான். டொறதி இராஜரட்ணத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுக்கு அது என்ன என்று தெரிந்திருந்தது.

"நானாக இருந்தாலும் வீட்டுக்குத்தான் போயிருப்பேன்" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஐயர் கூப்பிட்டார். இரத்தினவேல் வந்து அவருடைய தோளைத் தொட்டான். எழுந்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்துக் கூட்டிப்போன இடத்துக்குப் போனார்.